தழைத்தோல்

காலை ஏழு மணிச் சங்கு ஊதியதும் பூச்சுக்கூண்டின் முன்னிருந்த வரிசை நகரத் தொடங்கியது. மாரீஸ்வரி மட்டும் நகரத் தயங்கினாள். ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு அது. உள்ளே நின்று கைகளை விரித்தால், பத்து நொடியில் உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சைப் படலம் படியும். வைப்பாற்றுக் கரையிலிருந்த அந்தப் பட்டாசு ஆலையில், பூச்சில்லாமல் எவரும் வெடிமருந்து கையாளும் மருந்தறைக்குள் நுழையக்கூடாதென்பது அன்று முதல் விதி. அவள் தங்கை சங்கரேஸ்வரி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றாள்.

தழைத்தோல் என்பது அப்படிப் படலமாகப் படியும் களிம்பின் பெயர். கற்றாழையின் உயிரணுக்களைப் பக்குவப்படுத்திச் செய்தது. தீப்பட்ட சதையில் தடவினால், அவ்வுயிரணுக்கள் சதையோடு ஒட்டி வளர்ந்து மூன்றே நாளில் வடுவின்றித் தோலாகிவிடும். ஈராண்டுகளுக்கு முன் வெந்துபோன மாரீஸ்வரியின் வலக்கை அப்படித்தான் மீண்டது. அன்று அவள் களிம்புச் சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பின்னர் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. வெந்தபின் தடவுவானேன்? முன்கூட்டியே தடவிவிட்டால் என்ன? அது உதித்த மாதமே மணல் வாளிகள் மறைந்தன. சனிக்கிழமைதோறும் தகரத்தைத் தட்டியதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அருகிலுள்ள வாசல் வழியே ஓடிப் பழகும் பயிற்சியும் நின்றது. ஓர் அறைக்கு நான்கு பேர், நான்கு வாசல் என்று வைத்ததே அந்த ஓட்டத்துக்காகத்தான்.

மாரீஸ்வரியின் அச்சத்துக்குக் காரணம் சென்ற வாரம் நிகழ்ந்தது. அவளோடு ஒரே அறையில் வேலை செய்யும் குருவம்மாளின், முன்பொருமுறை களிம்பிட்டு ஆறிய விரல் காகிதம் வெட்டும் கத்தரியில் நசுங்கியது. அந்த விரலிலிருந்து, அப்போதுதான் கிள்ளிய தழையின் வாடை அறையெங்கும் பரவியது. அந்நொடியே மாரீஸ்வரியின் வலக்கை தானாக மூடி இறுகிற்று. அரை நிமிடம் திறக்கவேயில்லை. ஓர் இலையைப் புழு கடித்தால் அது வாடையால் அயலிலைக்குச் செய்தி சொல்லும், அயலிலை தன்னை இறுக்கிக்கொள்ளும் என்று அவள் பள்ளியில் படித்திருந்தாள்.

"அண்ணாச்சி, மேலெல்லாம் பூசுனா ஆளே வெறச்சுப் போவோம். என் கை வெறச்சத நீங்களும் பாத்தீகள்ல?" என்று மேற்பார்வையாளர் அய்யாக்குட்டியிடம் கேட்டாள்.

"ஒரு வெரலு நசுங்குனதுக்கா இம்புட்டுப் பயம்? நீ என்ன தொட்டாச்சிணுங்கியா?"

வரிசை சிரித்தது.

"சிரிக்காதீக. தீப்பிடிச்சா ஓட வேணாமா?"

"எதுக்கு ஓடணும்ங்கேன்? வெந்தா மூணு நாள்ல ஆறிரப் போகுது. ஓடுனா வேலைதான் கெடும்."

அவள் தங்கையின் முந்தானையைப் பற்றினாள். "வேணாம்டி. வா, வீட்டுக்குப் போயிருவோம்."

"போக்கா! மொகத்துப் பருவெல்லாம் போயிப் பளபளன்னு ஆயிருமாம். நீ வேணாப் போ."

சங்கரேஸ்வரி கூண்டுக்குள் சென்று, தளிர் நிறத்தில் சிரித்துக்கொண்டே வெளிவந்தாள். மாரீஸ்வரியின் முறை வந்தபோது களிம்பு தீர்ந்திருந்தது.

"ஒனக்கு நாளைக்கு. இப்ப உள்ள போ, சரக்கு நிக்குது" என்றார் அய்யாக்குட்டி. முதல் நாளே விதியை மீறியவர் அவர்தாம்.

பதினொரு மணியளவில் குருவம்மாளின் சல்லடை தரையில் உரசியது. ஒரு பொறி தெறித்தது. யோசிக்குமுன் மாரீஸ்வரியின் கால்கள் எழுந்துவிட்டன. வலக்கையால் தங்கையின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். அதற்குள் குருவம்மாளின் கை கருகி, தழைவாடை எழுந்தது.

சங்கரேஸ்வரி எழுந்த நிலையிலேயே கட்டைபோல் நின்றாள். குருவம்மாளும், நான்காமவளான பேச்சித்தாயும் குந்தியபடியே உறைந்திருந்தனர். வாசல் இரண்டே எட்டுத் தொலைவில் திறந்து கிடந்தது. மாரீஸ்வரி இழுத்தாள், தங்கை அசையவில்லை. ஒரு கணம், அந்த ஒரு கணத்துக்காக அவள் பின்னர் எத்தனையோ முறை வெட்கினாள், தங்கையை விட்டுவிட்டு ஓட நினைத்தாள். ஆனால் வாடையில் இறுகிப்போன வலக்கை பிடியை விடவில்லை. சங்கரேஸ்வரியின் கண்கள் மட்டும் வாசலுக்கு ஓடின; திரும்பி அக்காளிடம் ஓடின; மறுபடியும் வாசலுக்கு ஓடின.

பிறகு மருந்து முழுவதும் பற்றிக்கொண்டது.

நான்காம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். வெந்து கிடந்த மாரீஸ்வரிக்குத் தீப்பிடித்த அன்றே உடல் முழுதும் களிம்பிட்டிருந்தனர். நால்வருக்கும் புதுத்தோல் மின்னியது. அவர் எழுதிய அறிக்கையை அய்யாக்குட்டி உரக்க வாசித்தார்: "தொழிலாளர் எவரும் பதறி ஓடவில்லை, அவர்களது ஒழுங்கு பாராட்டத்தக்கது. உயிர்ச்சேதமோ காயமோ இல்லை. ஆதலின், இதனை விபத்தெனப் பதிய இடமில்லை."

"வலிச்சுச்சு அண்ணாச்சி" என்றாள் சங்கரேஸ்வரி.

"எங்க வலிச்சுச்சு? காட்டு பாப்பம்."

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காட்டுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

மறுநாள் கொத்தனார் வந்து மருந்தறையின் மூன்று வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். "ஓடாத ஆளுகளுக்கு நாலு வாசல் என்னத்துக்கு?" என்று முதலாளி கேட்டாராம். எஞ்சிய வாசலையொட்டித் தங்கையை உட்காரவைத்து, மாரீஸ்வரி அவளருகில் அமர்ந்தாள். ஒரே எட்டு. பாய்ந்தால் வெளியே வெயில், மண், வேப்பமரம்.

நண்பகலில் அடுத்த அறையின் பக்கமிருந்து காற்று வீசியது. அதில் அப்போதுதான் கிள்ளிய தழையின் வாடை வந்தது.

மாரீஸ்வரி தன் கால்களை ஓடச் சொன்னாள். அவளுடைய கண்கள் மட்டும் ஓடின.