சீனி முடி மாற்றிய ஐப்பசி

மழை வலுத்ததும் கெசியா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆற்றுப்பாலத்தை அடுத்த மருதமரத்தடிக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஒரு வாலிபன் ஒதுங்கி நின்றதை அவள் கவனிக்கவில்லை. காற்று ஒரு வீச்சு வீசியது... கூடையை மூடியிருந்த துணி பறந்தது. கூடவே கொத்துக் கொத்தாய் வெள்ளை முடி எழும்பி, அவனுடைய கறுப்புக் கோட்டிலும் மீசையிலும் கண்ணிமையிலும் போய் ஒட்டிக்கொண்டது.

அவன் மூன்று தரம் தும்மினான்.

"ஏம்மா, தலையணையைப் பிரிச்சு உதறுதீங்களா?"

"என் முயல் சாவக் கிடக்கு. ஒங்களுக்குக் கேலியா இருக்கா?" அவள் குரல் உடைந்தது.

அவன் முகம் சட்டென்று மாறியது. குனிந்து பார்த்தான். நீள முடியுள்ள சீமை முயல்... விலாப்பக்கம் திட்டுத் திட்டாய் முடி கழன்று கிடந்தது. அவன் அதன் காதைத் தொட்டான், வயிற்றைத் தடவினான், பல்லைப் பார்த்தான். பழகிய கை. பெயர் பாக்கியசீலன் என்றும், பட்டணத்தில் படித்துவிட்டுத் திருநெல்வேலி மாட்டாஸ்பத்திரியில் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது என்றும் சொன்னான்.

"இது சாவாது. சொறி இல்ல, புண்ணு இல்ல. முடி மாத்துது, அம்புட்டுதான். இங்கன பாருங்க... கொட்டுன எடத்துல அடியில புது முடி எட்டிப் பாக்குது."

கெசியாவால் நம்ப முடியவில்லை. போன பங்குனியில் தங்கை சாலோமிக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது இப்படித்தான் கை கையாய் முடி வந்தது... பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். பதினாறு வயது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் ஒருத்தி அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன முயல் இது. சீனி என்று பெயர் வைத்தவளும் சாலோமிதான். அடக்கத்தன்று கூட கெசியா அழவில்லை. மறுவாரமே பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லக் கிளம்பிவிட்டாள்.

"தெனமும் வெந்நீர்ல குளிப்பாட்டிப் பாத்துட்டேன்..." என்றாள்.

"ஐயோ, அது கூடவே கூடாது! முயலுக்குத் தண்ணியே பயம். சீப்பு எடுங்க, பல்லு அகலமா இருக்கணும். தலையில தொடங்கி வால் பக்கமா, முடி போற போக்குலயே பைய வாருங்க. கடைசி முடி கொட்டுற வரைக்கும் ஒரு நாள் விடக் கூடாது."

"விட்டா?"

"அது தன்னைத்தானே நக்கி அவ்வளவு முடியையும் முழுங்கிரும். பூனை மாதிரிக் கக்கத் தெரியாது, வயிறு அடைச்சுக்கிடும். புல்லு நெறையப் போடுங்க, குடிக்கத் தண்ணி எப்பவும் இருக்கணும். புழுக்கை சிறுத்துப் போனாலோ, முடியில கோத்த பாசிமணியாட்டம் வந்தாலோ ஒடனே எனக்கு ஆள் விடுங்க."

மழையில் நனைந்த அந்தக் கண்கள் சொல்வதை அவள் அப்படியே நம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை அவனே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும். வராந்தாவில் அவன் சீனியைப் பிடித்துக்கொள்வான், அவள் வாருவாள்.

"டீச்சரம்மா, வாரி எடுக்கதுல பாதி என் கோட்டுக்குத்தான் வருது."

"கோட்டு மேல அதுக்கு ஆசை போல... அது முடி, அது இஷ்டம்."

கெசியா சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. உள்ளே அவள் தகப்பனார் வேதமுத்து உபதேசியார் வேதபுத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். மகளைத் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவருக்குக் கொடுக்க அவர் மனசுக்குள் நினைத்திருந்தார். மூன்றாம் சனிக்கிழமை அவரே வாசலுக்கு வந்து நின்றார். 

"தம்பி, முடி கொட்டுறதுக்கு வழி சொல்லியாச்சு. இன்னும் இங்கன என்ன சோலி? மாட்டு வாலைப் பிடிக்கிறவருக்கு எங்க வீட்டு நடையில வேலை இல்ல."

பாக்கியசீலனின் முகம் கறுத்தது. சீனியைப் பைய இறக்கிவிட்டு, கெசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

மழை விட்ட பாடில்லை. சனிக்கிழமை வந்தது, அவன் வரவில்லை... பத்தாம் நாள் காலையில் சீனி புல்லைத் தொடவில்லை. கூண்டில் நாலே நாலு புழுக்கை, ஒன்றோடொன்று முடியில் கோத்துக் கிடந்தன. கெசியா சீனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாலோமியின் கட்டிலண்டை உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

வேதமுத்து அதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். பாலம் தாண்டி, வழி விசாரித்து அவர் மாட்டாஸ்பத்திரியை அடைந்தபோது, பாக்கியசீலன் தோள் வரை கையை விட்டு ஒரு பசுவின் வயிற்றிலிருந்து கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் அவர் ஓரமாய் நின்றார். கன்று விழுந்து மூச்சு விட்டது.

"தம்பி, நான் சொன்னது தப்பு. எம் மவளுக்காக வாங்க," என்றார்.

வந்தான். எண்ணெய் புகட்டினான், வயிற்றை நீவினான், சூடு கொடுத்தான். சாயங்காலம் சீனி பின்னங்காலை ஒருதரம் நீட்டியது... அவ்வளவுதான்.

அப்போதுதான் கெசியா அழுதாள். சாலோமி பெயரைச் சொல்லிச் சொல்லி, ஏழு மாதத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

கிணற்றடியில் பாக்கியசீலன் குழி தோண்டினான். தூறலில் மண் குழைந்து குழைந்து சரிந்தது. மூடி முடித்ததும் நிமிராமலே சொன்னான்.

"என் ரோசத்தால போச்சு. போன சனிக்கிழமை வந்திருந்தா வயித்தைத் தொட்டதும் தெரிஞ்சிருக்கும். ஒரு வாயில்லாப் பிராணி என்ன செஞ்சுது எனக்கு?"

"இல்ல..." கெசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பத்து நாளா நான் சீப்பைத் தொடவே இல்ல."

"ஏன்? அவ்வளவு சொன்னேனே..."

"தொட்டா எதிர்ல ஒங்க கை இல்லையேன்னு இருந்துச்சு. அதைத் தாங்க முடியல. நாளைக்கு வாரிக்கிடலாம், நாளைக்கு வாரிக்கிடலாம்னு... நான்தான் கொன்னேன்."

அவன் எழுந்து நின்றான். கையெல்லாம் மண்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொன்னோம், கெசியா." அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "முதல் சனிக்கிழமை வேணும்னா சீனிக்காக வந்தேன். மத்த ரெண்டும் ஒங்களுக்காக. இனி வாரதுக்கு ஒரு சாக்கும் இல்ல... சாக்கு இல்லாம வரலாமா?"

அவள் அழுத கண்ணோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பினாள். பின்வாசல் நிலையில் வேதமுத்து நனைந்தபடி, கிட்டே வரவும் மனசில்லாமல் உள்ளே போகவும் மனசில்லாமல் நின்றிருந்தார்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் கெசியா. "ஐயா அந்தா நிக்காங்க. கையைக் கழுவிட்டுப் போய்க் கேளுங்க."