இன்னொரு தபா

அந்த வீட்டில் கடல் தொடாத பொருள் என்று எதுவும் மிச்சமில்லை. சுனாமி வந்துபோய் மாதக்கணக்காகியும் சுவரில் கூரை உயரத்துக்கு உப்புக் கோடு தெரிந்தது. மர அலமாரி ஊறி வெடித்துக் கிடந்தது. ஆனால் அதன் அடித்தட்டிலிருந்து கார்த்திகேசன் உருவியெடுத்த இசைத்தட்டு மட்டும் அட்டைகூடக் கசங்காமல், நேற்று வாங்கியதுபோல உலர்ந்திருந்தது.

மரக்காணம் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன் அவன். எண்பதுகளில், ஆரோவில்லிலிருந்து வந்து கடற்கரையில் படுத்துக் கிடந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், தன் நாட்டிலேயே யாரும் கேட்டிராத பாட்டு என்று பெருமை பீற்றிக் கொடுத்துவிட்டுப் போன தட்டு. அட்டையில், தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்துக்குள் விடலைகள் ஸ்கேட்போர்டில் சரிந்துகொண்டிருந்தார்கள். பாட்டில் முதலில் சிமெண்டில் சக்கரம் உருளும் சத்தம் வரும். பிறகு டிரம்ஸ், பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரே கத்தல்.

தன் கல்யாணத்தன்றே குறும்புக்கு அதைப் போடவைத்தான். மாமனார் முறைத்தார். மணவறையில் அம்சவல்லி மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "இன்னொரு தபா போடுங்க" என்றாள். அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

அவளோடு குப்பத்தில் பாதிப்பேரையும் அலை கொண்டுபோனது. அவள் உடல் கிடைக்கவில்லை. மிஞ்சிய ஊர் ரோட்டோரத் தகரக் கொட்டகைகளுக்குப் போய்விட்டது. அத்தனை பேர் நடுவிலும் அவனுக்குப் பேச ஆளில்லை. போதாக்குறைக்கு, அவள் சிரிப்புச் சத்தம் எப்படியிருக்கும் என்பதே மறந்துகொண்டு வந்தது. அந்தப் பயம்தான் அவனைத் தூங்கவிடாமல் தின்றது. இந்தத் தட்டைக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும் என்று நம்பினான்.

இரவல் வாங்கிவந்த பிளேயரை பேட்டரியில் மாட்டி, குழாய் ஸ்பீக்கரைப் பூவரசங்கிளையில் கட்டினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உப்பளத்து வேலை முடிந்து வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஐயப்பன் நின்றான்.

"ஏம்பா, ஆளில்லாத ஊர்ல யாருக்குக் குழா கட்டுற?"

"எனக்குத்தாம்பா."

"குழா சத்தம் கேட்டா நம்ம ஜனம் வூட்ல குந்தினு இருக்குமா? சோறு ஆக்கி வச்சிக்க."

சொன்ன பிறகுதான் ஐயப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தக் குப்பத்தில் பத்திரிகை வைக்கும் வழக்கமில்லை. எந்த வீட்டில் குழாய் பாடுகிறதோ, அந்த வீட்டு விசேஷத்துக்கு ஊரே வரவேண்டும். அவன் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறி மிதித்தான்.

கார்த்திகேசன் முள்ளை வைத்தான். சக்கரம் உருளும் சத்தம் குழாயிலிருந்து கிளம்பி, இடிந்த சுவர்களில் முட்டி, உப்புக் குவியல்கள் மேல் ஓடி, இருட்டத் தொடங்கியிருந்த கடல் பக்கம் போய்க் கரைந்தது. கத்தலும் டிரம்ஸும் பின்னாலேயே போயின. காற்று உதட்டில் உப்புக் கரித்தது. பாட்டு முடிந்தது. அவள் சிரிப்பு ஞாபகத்துக்கு வரவில்லை. முள்ளைத் தூக்கினான்.

சக்கரம் உருளும் சத்தம் நிற்கவில்லை.

வயரைப் பிடுங்கினான். தட்டு நின்றது. சத்தம் நிற்கவில்லை. அது கடல் பக்கமிருந்து, தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. கிட்டே வர வரத்தான் தெரிந்தது. காலடிகள். ஈர மணலில் இழுத்து இழுத்து வைக்கும் ஏராளமான காலடிகள்.

வீட்டின் இரு பக்கமும் கடந்தன. உப்பளப் பக்கம் போய் நின்றன. மல்லிகை மணத்தது. அதற்கடியில் சேற்று நாற்றம்.

திரும்பினான்.

உப்புப் பாத்திகளின் வெள்ளையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்திக்கு உட்கார்ந்தது போல. எல்லார் கையும் வாயைப் பொத்தியிருந்தது. முன்வரிசையில் அம்சவல்லி. தோள் குலுங்கியது.

"வல்லி..." அழுதேவிட்டான். பயம்தான். ஆனாலும் வந்துவிட்டாளே.

அவள் கை இறங்கியது.

உப்பு. வாய் நிறைய உப்பு. தொண்டைவரை இறுகிய வெள்ளை உப்பு. தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

வயர் பிடுங்கிய குழாய் கரகரத்தது.

"இன்னொரு தபா போடுங்க."

அவன் கை தானாக முள்ளிடம் போனது. பின்வரிசைகளில், கைகள் ஒவ்வொன்றாக வாயைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன.