வெற்றுக் கோப்பில் நாற்பத்தோராவது வரி

மொந்தெவிதேயோ துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய கம்பளிக் கிடங்கில் இப்போது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மென்பொருள் தயாரிக்கிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவர்களிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வாடை கிளம்பும். சுல்மா பென்தாங்கோர் வேலைக்கு வந்த திங்கட்கிழமையும் மழை. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவள். வெள்ளிக்குள் கம்பைலரில் இருக்கும் ஒரு கோளாறைப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வீடு.

மேலாளர் வாஷிங்டன் எச்செவேரி நிரல் கோப்பைத் திறந்து காட்டினார். அவருடைய அட்டையில் 'தொலைநோக்குத் தலைவர்' என்றிருக்கும். கண்ணாடி இல்லாமல் அதை அவராலேயே படிக்க முடியாது.

"பரிவர்த்தனை நினைவகம். எடுத்த வேலை முழுசா முடியணும். பாதியில நின்னா, ஆரம்பிக்கவே இல்லைங்கிற மாதிரி எல்லாத்தையும் அழிச்சிடணும். இந்த மாதிரி நிரலைக் கொடுத்தாலே நம்ம கம்பைலர் செயலிழந்து விழுந்துடுது."

"எனக்கு முன்னாடி யார் பார்த்தாங்க?"

"யாருமே இல்லை. நீங்கதான் முதல் ஆள். நாற்பத்தோராவது வரியில உங்க பேரைப் போடுங்க. பெருமையோட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இங்க வேலையைத் தொடுவோம்."

'எழுதியவர்:' என்ற குறிப்பு வரி காலியாக இருந்தது. பேரை அடித்தாள்.

பக்கத்து மேசை ரூபென், மாத்தே என்ற மூலிகைத் தேநீரை ஊற்றினான். எல்லாருக்கும் ஒரே குடுக்கை, ஒரே குழல். குடித்துத் திருப்பித் தருகையில் 'நன்றி' என்றால் போதும் என்று பொருள். சொல்லாதவரை சுற்று வந்துகொண்டே இருக்கும். அவன் குடுக்கையை மூலையிலிருந்த காலி நாற்காலியை நோக்கி நீட்டினான். சற்று நின்றான். இழுத்துக்கொண்டான்.

"அங்க யாரு?"

"யாருமில்ல. கை அதுவா போகுது. எனக்கு வயசாகல சுல்மா, என் கைக்கு மட்டும் ஆகுது."

கோளாறு பிடிக்கும் வழி எளிது. நிரலில் கொஞ்சம் வெட்டு, ஓட்டிப் பார். இன்னும் விழுகிறதா? மறுபடி வெட்டு. குறிப்பு வரிகளை முதலில் வெட்டினாள். அவற்றைக் கம்பைலர் படிப்பதே இல்லை. அவள் பேரும் அப்படித்தான் போயிற்று.

ஒன்பதாயிரம் வரி புதன்கிழமை தொண்ணூறாயிற்று. வெள்ளி மதியம் ஒரே வரி.

அதையும் வெட்டினாள்.

கோப்பு காலி.

கம்பைலர் விழுந்தது.

'வரி 41: சுல்மா பென்தாங்கோர். பாதியில் நின்றது. தொடங்கவில்லை எனக் கொள்ளப்பட்டது.'

பேரை மறுபடி அடித்தாள். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாய்த் தானே அழிந்தது.

"ரூபென்," என்றாள் மெல்ல. "இதக் கொஞ்சம் பாரேன்."

அவன் திரும்பி, அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"மழை விட்டுடுச்சு போல."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் தோளைச் சொறிந்துகொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை அதெமார் என்பவன் வேலைக்குச் சேர்ந்தான். தனக்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று கேட்டான்.

"யாருமே இல்லை," என்றார் தொலைநோக்குத் தலைவர். "நீங்கதான் முதல் ஆள்."

'எழுதியவர்:' காலியாக இருந்தது. அதெமார் பேரை அடித்தான்.

ரூபென் மாத்தே ஊற்றி மூலை நாற்காலியை நோக்கி நீட்டினான். இழுத்துக்கொண்டு, மறுபடி ஊற்றி, சுல்மா இருந்த பக்கத்து மேசையின் காலி நாற்காலியை நோக்கி நீட்டினான்.

"அங்க யாரு?"

"யாருமில்லப்பா. கை அதுவா போகுது."

இரண்டு முறையும் குடுக்கை வற்றித்தான் திரும்பியது.

எந்த நாற்காலியிலிருந்தும் 'நன்றி' வரவில்லை.