ஓட்டுநர் இருக்கை

லாரியின் கதவு திறந்திருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அதை மூடி, ஓரத்தில் பசை தடவி, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இப்போது, மழை ஜன்னலில் சலசலக்கும் சாயங்கால வெளிச்சத்தில், மேஜை மேல் பிளாஸ்டர் சாலையும், அதில் வரிசையாக நிற்கும் இராணுவ லாரிகளும், முன்னால் போகும் டாங்கியும், மேலே நைலான் நூலில் தொங்கும் போர் விமானமும் வைத்தது வைத்தபடி இருக்க, கடைசி லாரியின் கதவு மட்டும் விரியத் திறந்து, ஓட்டுநர் பொம்மை சாலையில் குப்புறக் கிடந்தது.

"என் மேஜையைத் தொட்டீங்களா?"

குடையைத் தேடிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "நானா? அந்தப் பக்கம் தும்மினாலே நீ ஆளைக் கடிச்சுக் குதறிடுவ. எனக்கு எதுக்கும்மா வம்பு?" சிரித்துக்கொண்டே ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் அவளும் மழையும் மட்டும்தான்.

பல் செட் செய்வது அவள் தொழில். அதே பிளாஸ்டர், அதே இடுக்கி, அதே பொறுமை. சாலைச் சேற்றுக்குப் பழுப்புச் சாயம், புகைக்குப் பஞ்சு என்று பார்த்துப் பார்த்து அவள் கட்டிய இந்தக் காட்சி நாளைக் காலை இராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் பிறகு யாரும் கை வைக்க முடியாது. அதற்காகத்தான் இந்த வேலையையே அவள் கேட்டு வாங்கினாள்.

கடைசி லாரி அவள் தம்பி ஓட்டியது. போரில் விமானம் குண்டு போட்டு அந்த வரிசையே எரிந்த அன்று, அவன் லாரியின் கதவு மட்டும் திறந்து கிடந்ததாம், உள்ளே ஆள் இல்லையாம். தப்பியோடியவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவில் இது 'ஓடினவன் வீடு'. அம்மா அதைக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள்.

அருங்காட்சியக அதிகாரி போன வாரம் வந்து பார்த்தார். "கதவு திறந்திருக்கணும்மா. சீட் காலியா இருக்கணும்."

"என் தம்பி ஓடல சார். நான் செய்யுற லாரியில அவன் உள்ளதான் இருப்பான்."

சொன்னது சொன்னதுதான். அவள் பொம்மையை எடுத்து மறுபடி இருக்கையில் ஒட்டினாள், கதவைச் சாத்தினாள், கை கழுவப் போனாள்.

குழாயை மூடியபோது மேஜைப் பக்கம் ஏதோ சின்னதாகப் பிளக்கும் சத்தம், அடுத்து எதையோ கீறுவது போல ஒன்று, பிறகு மழை மட்டும்.

கதவு திறந்திருந்தது. பொம்மை இப்போது சாலையிலும் இல்லை. கம்பியில் செய்த மரங்களின் ஓரத்தில் நின்றது. என்றைக்கோ காய்ந்து கல்லாகிவிட்ட பிளாஸ்டர் சேற்றில், லாரியிலிருந்து மரம் வரை, சின்னச் சின்னக் குழிகள்.

நின்றது. உட்கார்ந்த நிலையில் அவள் செய்த பொம்மை அது. முழங்கால்கள் நிமிர்ந்திருந்தன.

ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் இந்த வீட்டில் ஓடியவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிடும். ஆத்திரம் பயத்தை முந்திக்கொண்டு வந்தது.

"யாரு என்ன பண்ணாலும் சரி, இவன் உள்ளதான் இருப்பான்."

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். இடுக்கியில் பொம்மையைப் பிடித்து முழங்கால்களைச் சுடரில் காட்டினாள். பிளாஸ்டிக் இளகியது, மடக்கினாள். எழுந்த வாடை பிளாஸ்டிக்கினுடையது இல்லை. முடி கருகும் வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை இருக்கையில் வைத்து, சூப்பர் க்ளூவைத் தாராளமாக விட்டு, கதவைச் சாத்தி, சுற்றிலும் பூசினாள்.

லாரியின் முன்கண்ணாடி மெல்ல வெளுத்தது.

ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாதிரி உருவங்கள் செய்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான், கண்ணாடிக்குப் பக்கத்தில் இந்தப் பசை ஆகாது, அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும், துடைத்தால் போகாது. அவசரத்தில் கத்துக்குட்டி போலச் செய்துவிட்டாள். போகட்டும். உள்ளே ஆள் இருப்பது நிழலாகவாவது தெரிகிறது.

மேலே நூல் முறுகியது. காற்றில்லாத அறையில் விமானம் மெதுவாகத் திரும்பியது. அதன் நிழல் டாங்கியைத் தாண்டியது. அடுத்த லாரி. அதற்கடுத்தது.

டக் டக். டக்.

சின்ன வயதில் தம்பி குளியலறைக் கதவை அப்படித்தான் தட்டுவான். அவள் வேண்டுமென்றே அவனை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டு வைத்திருக்கும்போது.

டக் டக். டக்.

"அக்கா." கொசு ரீங்காரம் அளவுக்கு. "அக்கா, சுடுதுக்கா. திற."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கதவைத் திறக்கவில்லை.

"நீ ஓடலடா," என்றாள். "நாளைக்கு எல்லாரும் வந்து பார்ப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

நிழல் கடைசி லாரியைத் தொட்டது.

துடைத்தால் போகாத அந்த வெண்மையை, உள்ளிருந்து ஒரு சின்ன உள்ளங்கை துடைத்தது. வட்டமாக. அந்த வட்டத்தில் திறந்த வாய். அதன் பின்னால், சிவப்பாக, ஏதோ பற்றிக்கொண்டது.

கதவு அசைந்தது.

அவள் பசைக் குழாயை எடுத்து மூடியைத் திருகித் திறந்தாள்.