அரக்கு நிறப் பொட்டு

செல்போன் கேமராவின் மேல் அமலா ஒட்டியிருந்தது கறுப்புப் பொட்டு. வேலையிலிருந்து வந்து, அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் போனை எடுத்தபோது அங்கே இருந்தது அரக்கு நிறப் பொட்டு.

ராபர்ட்சன்பேட்டை துணிக்கடைக்குப் போகும்போது அவள் போனை எடுத்துப் போவதில்லை. பெங்களூரில் நாகேஷுக்கு வாழ்க்கைப்பட்டுக் கற்ற புத்தி அது. யாரிடம் பேசினாள், எந்தத் தெருவில் நின்றாள், அம்மாவுக்கு என்ன எழுதினாள், எல்லாமே அவன் போனில் தெரிந்துவிடும். சோறு தின்றபின் பாக்கு மென்றுகொண்டே ஒவ்வொன்றாக ஒப்பிப்பான். அப்புறம்தான் அடிப்பான்.

கட்டிய புடவையோடு ஓடிவந்து இந்த ஸ்கெலட்டன் லைன் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பு வீட்டில் ஒளிந்தவளுக்கு, கூடப் படித்த பக்கத்து வீட்டு பியூலாதான் துணை. சிம், பாஸ்வேர்டு எல்லாம் அவள் போட்டுக் கொடுத்தது.

“உன் பேர்ல ஒண்ணும் வேணாம்மே. எல்லாம் என் பேர்லயே இருக்கட்டும். இன்னாத்துக்கு பயப்படறே, நான் இருக்கறேன்ல?”

மாற்றுச் சாவியும் அவளிடம்தான். ஊரையே நம்பாதவளுக்கும் நம்புவதற்கு ஒரு ஆள் வேண்டாமா, பாவம்.

கரண்ட் இல்லை. மதியமே கிளம்பிய காற்று தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசியை வாரிக்கொண்டு வந்து, தகரக் கூரையை முனகவைத்து, கதவிடுக்கு ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் நுழைந்து, அடுப்பு மேடை, பாய், தண்ணீர்க் குடம் என்று வீடு முழுக்க வெள்ளையாகப் படியவிட்டிருந்தது. அமலா டார்ச் அடித்துத் தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து அரிசி டின் வரை அவள் காலடி மட்டும்தான். பூட்டும் பூட்டியபடிதான் இருந்தது. யாரும் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் அவளிடம் அரக்குப் பொட்டே கிடையாது. படுக்கும்முன் நெற்றியிலிருந்து எடுத்து, பெங்களூர் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்ததெல்லாம் அரக்கு. அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

பியூலாவுக்கு எழுதினாள்: ‘வூட்டுக்கு யாரோ வந்துட்டு போயிருக்காங்கமே.’

சுவருக்கு அந்தப் பக்கம் பியூலாவின் போன் சிணுங்கியது. பதில் வந்தது.

‘கோச்சிக்காதமே. அண்ணன் தேடிக்கினு வந்து அழுதாரு, மனசு கேக்கல. காலையில நான்தான் உள்ள விட்டு வெளிய பூட்னேன். புருஷன் பொண்டாட்டி பேசித் தீத்துக்குங்க.’

காலையில். காற்று கிளம்புவதற்கு முன்னால்.

தூசியில் உள்ளே வந்த தடம் இல்லை. வெளியே போன தடமும் இல்லை.

பாக்கு வாசம்.

ஓட நினைத்தாள். அதற்குள் டார்ச் தானாக உயர்ந்தது. உள்ளறை வாசல். அதன் பக்கத்தில் கண்ணாடி.

அதில் அவள் நெற்றி தெரிந்தது. வாய் தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அரக்குப் பொட்டுகள் ஒட்டியிருந்தன.

அவளுக்குப் பின்னால், வாசல் கதவின் மறைவில், மெதுவாக, யாரோ பாக்கு மென்றார்கள்.