மூன்றாவது வலைத்துண்டு

பசியாவரம் தீவின் தென்கோடியில், கோரைக்கு நடுவே ஒற்றைக் குடிசை ஒன்று இருந்தது. மாதவிலக்காகித் தூரமான பெண்கள் மூன்று நாள் அங்கேதான் இருக்க வேண்டும். உள்ளே போகிறவள் கிழிந்த வலையில் ஒரு துண்டை வாசல் கம்பில் கட்டிவிட்டுப் போவாள்; திரும்பும்போது அவிழ்த்துக்கொள்வாள். கஞ்சி கொண்டு வருகிறவர்கள் துண்டுகளை எண்ணி, அத்தனை சட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விடுவார்கள். மூன்று நாள் முடியாமல் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வலையில் மீன் படாது என்று ஊருக்குப் பயம்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கப்பல் வந்திருந்ததால் ஆண்கள் எல்லாரும் சரக்கு இறக்க முகத்துவாரத்துக்குப் போயிருந்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் அங்காளம்மாள் தன் சக்களத்தி குணசுந்தரியைக் குடிசைக்குக் கூட்டி வந்தாள்.

"அக்கா, ரெண்டு மாசமா தள்ளிப் போயிருந்துச்சே. காலையில ரெண்டு சொட்டுதான் பட்டுச்சு. ஒருவேளை..."

"ஒருவேளையாவது ஒண்ணாவது! தள்ளிப் போனது வந்திருக்கு. மூணு நாள் உக்காரு."

பச்சைப் பொய். போன வாரம்தான் பழவேற்காட்டு மீன் கடையில் மருத்துவச்சி சூசையம்மாள் அவளை நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள்.

"உன் சக்களத்தி முழுகாம இருக்கிற மாதிரி தெரியுது. ஆரம்பத்துல கொஞ்சம் உதிரம் பட்டா தூரம்னு நெனச்சிடாதீங்க. எத்தினியோ பேருக்கு அது தானா நின்னு புள்ள தங்கியிருக்கு. எனக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து பாக்குறேன். ஆனா நெறைய போச்சுன்னா, அடிவயிறு ஒரு பக்கமா குத்துச்சுன்னா, தோள்பட்டை வலிச்சு மயக்கம் வந்துச்சுன்னா, ஒரு நாழிகைகூடத் தாமசிக்கக் கூடாது. பொன்னியம்மாளுக்கு அப்பிடித்தான் ஆச்சு. அதைத் தூரம்னு சொல்லிக் குடிசையில போட்டுச் சாகடிச்சீங்க."

பொன்னியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. செத்து எட்டு வருஷமாகிறது. அந்த மூன்று நாளும் அவளுக்குக் கஞ்சி கொண்டு போனவள் அங்காளம்மாள்தான். முந்தின நாள் சட்டி தொடாமல் கிடந்ததைப் பார்த்தாள். உள்ளே முனகல் கேட்டது. அடுத்த சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இருந்தும் குணசுந்தரியைக் கூட்டி வந்தாளே, ஏன்? வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. பத்து வருஷம் தருமலிங்கத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவன் ஒரு முழத் துணி ஆசையாக வாங்கித் தந்ததில்லை. இவள் வந்த நாலாம் மாதமே ஒல்லாந்தர் கிடங்கிலிருந்து பூ எழுதிய சிவப்புத் துணி வந்தது. குழம்பில் பெரிய இறால் எல்லாம் இவள் தட்டுக்குப் போனது. பிள்ளையும் பிறந்துவிட்டால் அந்த வீட்டில் தனக்கு அடுப்பூதுகிற வேலைதான் மிஞ்சும் என்று அங்காளம்மாளுக்குத் தெரியும். அவளோ தன் தூர நாளை எண்ணுவதையே விட்டுவிட்டவள். தப்பித் தப்பி வருகிற உடம்பு; எண்ணி எண்ணி ஏமாந்து அலுத்துப் போயிருந்தாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் கஞ்சியோடு போனாள். காற்றே இல்லை. கோரை அசையாமல் நின்றது. குடிசையை நெருங்க நெருங்கப் பச்சை ரத்த வாடை அடித்தது.

வாசல் கம்பில் இரண்டு துண்டுகள் தொங்கின.

"உள்ள வேற யாருடி?"

"பொன்னியக்கா." குணசுந்தரியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இன்னொருத்தங்க இருக்காங்கன்னு நீங்க சொல்லவேயில்லையேக்கா."

அந்தப் பெயரைக் குணசுந்தரியிடம் ஊரில் யாரும் சொன்னதில்லை.

"பச்சைச் சீலை கட்டியிருக்காங்க. சோத்துக் கைப்பக்கத் தோளைப் பிடிச்சிக்கினே உக்காந்திருக்காங்க. என் வயித்துல கை வெச்சுப் பாத்தாங்க. ஐயோ, கை சில்லுனு இருந்துச்சு. 'உனக்கு மட்டும் தங்கிடுச்சே'ன்னு சொல்லிட்டு, என்னையே பாத்துக்கினு இருந்தாங்க."

"அப்புறம்?"

"உங்களைத்தான் கேட்டாங்க. உங்க அக்காவுக்கு எத்தினி மாசம்னு."

சட்டி கை நழுவி உடைந்தது. அங்காளம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபடி விரல் விட்டுத் தன் நாளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இரண்டு மாதம் தாண்டியிருந்தது. பயம் எங்கே போனதோ தெரியவில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள். இனி யார்மேல் எதற்குப் பொறாமை? பாவம் அந்தப் பெண், நாளைக்குப் போய் வெளியே கூட்டி வந்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தாள்.

மூன்றாம் நாள் நடு வழியில் அடிவயிற்றில் வலது பக்கமாகக் குத்தியது. நடந்ததால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். கோரை தொடங்கும் இடத்தில் கணுக்காலில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்த்தாள். சிவப்பு.

வாசல் கம்பில் மூன்று துண்டுகள் தொங்கின.

மூன்றாவதன் முடிச்சு ஈரமாக இருந்தது.

வலது தோள்பட்டையில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல வலி ஏறியது. கண் இருட்டியது. அங்காளம்மாள் வாசலைப் பிடித்துக்கொண்டே உள்ளே சரிந்தாள். குணசுந்தரி ஓடி வந்து தாங்கினாள்.

"அக்கா! இன்னா ஆச்சுக்கா? எனக்கு உதிரம் நின்னுபோச்சு. உங்களுக்கு இன்னா?"

"சூசையம்மாளைக் கூப்பிடுடி... தோள் வலிச்சா ஒரு நாழிகைகூடத் தாமசிக்கக் கூடாதுன்னு சொன்னா. முழுகாம இருக்கும்போது உதிரம் பட்டா தூரம்னு நெனக்கக் கூடாதுன்னு..."

தாங்கிய கைகள் அசையாமல் நின்றன.

"எப்ப சொன்னா?"

அங்காளம்மாள் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எப்பக்கா சொன்னா?"

"போன வாரம்."

குணசுந்தரி கைகளை மெல்ல எடுத்துக்கொண்டாள். அங்காளம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நேற்று வரை அக்கா அக்கா என்று பின்னால் சுற்றியவளின் கண்ணில், இத்தனை நாளாக அங்காளம்மாளின் வயிற்றுக்குள் எரிந்த அதே நெருப்பு இருந்தது.

"உனக்கும் புள்ளயா?"

"குணா, ஓடுடி. உன் காலைப் பிடிச்சிக்கிறேன்."

"ஒண்ணும் இல்ல. தள்ளிப் போனது வந்திருக்கு. மூணு நாள் உக்காரு."

அவள் வாசலுக்குப் போய்த் தன் துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்குக் கஞ்சி கொண்டாறேன். ரெண்டு சட்டி."

மணலில் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே போனது. அங்காளம்மாள் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை, முனகலாகத்தான் வந்தது. வெளியே இன்னும் நல்ல வெயில்.

அவள் முதுகுக்குப் பின்னால், இருண்ட மூலையில், பாய் உரசியது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

"வாடி, பக்கத்துல வா," என்றது ஒரு மெல்லிய குரல். "நீதானே எனக்குக் கஞ்சி வெச்சிட்டுப் போனவ?"