நான்காவது செல்வசிங்

செல்வசிங்குக்குப் பத்து வயது. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில், ஆறாவது மாடியில் இருக்கிறான். அவன் பெயர் செல்வசிங் என்பது அவனுடைய பாஸ்போர்ட்டுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். மற்றபடி அந்தப் பெயரை யாரும் பயன்படுத்துவதில்லை.

பள்ளியில் அவன் வெறும் 'சிங்'. புதிதாக வந்த ஹிந்தி மிஸ் அவன் பெயரைப் பார்த்துவிட்டு பஞ்சாபியில் நலம் விசாரித்தார். அவன் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன் என்று தெரிந்ததும் மிஸ்ஸுக்கு வருத்தமாகிவிட்டது. மிஸ்ஸுக்கு வருத்தம் என்பதால் அவனுக்கும் வருத்தமாகிவிட்டது.

வீட்டில் அவன் 'மங்காஃப்'.

ஒரு பையனை யாராவது ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் அவனுடைய தாத்தா.

தாத்தாவின் பெயரும் செல்வசிங்தான். குளச்சலில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். பேரப்பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தாத்தாவுக்கு நான்கு மகன்கள். நான்கு பேருமே தங்கள் வீட்டில் பிறக்கும் மூத்த பையன்தான் மூத்த பேரன் என்று நினைத்தார்கள்.

அதனால் சவுதியில், தம்மாமில் பெரியப்பாவின் மகன் ஒரு செல்வசிங். மஸ்கட்டில் இரண்டாவது பெரியப்பாவின் மகன் ஒரு செல்வசிங். மங்காஃபில் நம்முடைய செல்வசிங். நம்மவனுக்கு வாங்கிய பிறந்தநாள் சட்டை மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 'தம்மாம்', 'மஸ்கட்', 'மங்காஃப்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான்காவது மகன் லிஜோ சித்தப்பா. அதே கட்டடத்தில் நான்காவது மாடியில் இருக்கிறார். நர்ஸ் வேலை பார்க்கிறார். முன்பு சில வருடம் வேல்ஸில் இருந்தார். வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்குப் பக்கத்தில், மலையும் மழையுமாக இருக்கும் நாடு. அங்கிருந்து திரும்பும்போது நான்கு ஸ்வெட்டர்களோடும் கெரிஸ் சித்தியோடும் வந்தார். குவைத்தில் ஸ்வெட்டர்களுக்கு அவ்வளவாக வேலை இல்லை. சித்திக்கு ஒரு பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

சித்திக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் 'நைஸ்' என்பார். அம்மா கொடுத்தனுப்பும் பூண்டுக் குழம்பைச் சாப்பிடும்போது சித்தியின் முகம் காது வரை சிவந்துவிடும். கண்ணில் தண்ணீர் நிற்கும். அப்போதும் 'நைஸ்' என்பார்.

அந்தச் சித்திக்கு இப்போது ஆண் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் ஞானஸ்நானம்; அப்போதுதான் பெயர் வைப்பார்கள்.

தம்மாம் பெரியப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பெரியப்பாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

"லேய் லிஜோ! பேரைப் பத்தி யோசிக்கதுக்கு என்ன இருக்கு? அப்பா பேருதான்! அப்பா பேரு சொல்ல நாலாவது பிள்ளை, கேட்டியா!"

"சரி அண்ணே," என்றார் சித்தப்பா.

"நைஸ்," என்றார் சித்தி.

பக்கத்தில் நின்ற செல்வசிங் சித்தியைத் திரும்பிப் பார்த்தான். அது பூண்டுக் குழம்பு நைஸ்.

மறுநாள் அம்மா ஒரு தூக்குச் சட்டியில் கோழி சூப் கொடுத்தனுப்பினாள். நான்காவது மாடியில் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"எம்ரிஸ்... தூங்கு எம்ரிஸ்..."

"எம்ரிஸ் யாரு சித்தி?" என்றான் செல்வசிங்.

சித்தி திடுக்கிட்டுத் திரும்பினார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். உங்களுக்காக அதைத் தமிழில் தருகிறேன்.

"மங்காஃப்! நீ எப்போது வந்தாய்?" சித்தி உட்கார்ந்தார். "எம்ரிஸ் என் அப்பா. எங்கள் ஊரில் மூன்று எம்ரிஸ் இருந்தார்கள். அப்பா வீடு வீடாகப் பால் போடுவார். அதனால் அவர் எம்ரிஸ் பால். இன்னொருவர் எம்ரிஸ் தபால்."

"மூணாவது ஆள்?"

"எம்ரிஸ் சவப்பெட்டி. நல்ல மனிதர்."

செல்வசிங் சிரித்தான். சித்தியும் சிரித்தார்.

"போகப் போக 'எம்ரிஸ்' காணாமல் போய்விட்டது. வெறும் 'பால்' மட்டும்தான் மிச்சம். அப்பா வியாபாரத்தை விட்டு ரொம்ப வருடம் ஆகிறது. இப்போதும் கடைக்குப் போனால் 'வா பால்' என்கிறார்கள்."

"எனக்குப் புரியுது சித்தி. நான் மங்காஃப்," என்றான் செல்வசிங்.

சித்தி குழந்தையின் தலையைத் தடவினார். "நான் ஒரே பிள்ளை. அப்பாவின் பெயரை வைக்க எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இவன்தான். ஆனால் உன் சித்தப்பாவுக்கும் அவர் அப்பா முக்கியம் இல்லையா? அதனால் நான் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லக்கூடாது. பிராமிஸ்?"

யோசிக்காமல் "பிராமிஸ்" என்றான். படி ஏறும்போதுதான் யோசித்தான். சொல்லவும் முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. பிராமிஸ் செய்வதற்கு முன்னால் படி ஏறியிருக்க வேண்டும்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நமக்கு நாலாவதா ஒரு செல்வசிங் வேணுமா?"

அம்மா கையில் இருந்த மீன் தொட்டிக்குள் விழுந்தது. "ஸ்ஸ்! மாமா பேரை இப்படிப் பொசுக்குன்னு சொல்லுதே!"

"என் பேரும் அதுதானேம்மா?"

"உன் பேருதான். அதுக்காக? மாமனார் பேரை நான் எப்படி மக்களே வாயால சொல்லுவேன்?"

செல்வசிங் அப்பாவிடம் போனான். அப்பா டியூட்டிக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க ஏன் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல?"

"எப்படிலே கூப்பிட? அது எங்க அப்பா பேருல்லா! நீ செருப்பைக் கண்ட இடத்துல கழத்திப் போடுதே. பேரைச் சொல்லி உன்னைத் திட்டினா, எங்க அப்பாவைத் திட்டுன மாதிரி ஆயிராதா?"

செல்வசிங் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தான். தாத்தாவின் பேர் சொல்ல மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். பேரைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. கணக்குப் பாடத்தில்கூட அவன் இப்படி ஒரு விடையைக் கண்டதில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. எம்ரிஸைப் பற்றி வாய் திறக்கவே தேவையில்லாத வழி.

வியாழக்கிழமை மாலை தம்மாமிலிருந்து காரில் வந்து இறங்கினார் பெரியப்பா. கூடவே தம்மாம் செல்வசிங்கும் ஒரு பெரிய டப்பா ஈச்சம்பழமும் வந்தார்கள். எல்லோரும் நான்காவது மாடியில் கூடினார்கள். ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் மஸ்கட் செல்வசிங் தெரிந்தான்.

பெரியப்பா குழந்தையைக் கையில் வாங்கினார். "வா ராசா! எங்க அப்பா பேரு சொல்ல வந்த பிள்ளை!"

நம்முடைய செல்வசிங் முன்னால் வந்து நின்றான். பெரியப்பாவிடம் இதுவரை யாரும் கேள்வி கேட்டு அவன் பார்த்ததில்லை.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு மங்காஃப்."

"தாத்தா பேரை நீங்க கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"என்னடே கேள்வி இது? மூணு பேருக்கு வச்சிருக்கோம்லா!"

"வச்சிருக்கீங்க. கூப்பிடுறது யாரு?"

பெரியப்பா திரும்பினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றுப் பானையைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல உன்னை முழுப் பேரு சொல்லித்தானே கூப்பிடுவாவ?" என்று தன் மகனிடம் கேட்டார்.

"இல்லப்பா. வெறும் 'சிங்'தான்," என்றான் தம்மாம் செல்வசிங்.

"இங்கயும் அதுதான்," என்றது போன். "ஒரு மிஸ் எங்கிட்டப் பஞ்சாபியில பேசினாங்க."

செல்வசிங் மெதுவாகக் கேட்டான். "ஊர்ல தாத்தாவை எப்படிப் பெரியப்பா கூப்பிடுவாங்க?"

பெரியப்பாவின் முகம் மாறியது. நெற்றிச் சுருக்கம் போய், உதடு சிரிப்புக்குத் தயாரானது.

"கடப்புறத்துல நின்னு கத்துவானுவ. அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கணும்லா? 'செல்வசிங்கே! ஓய் செல்வசிங்கே! எஞ்சின் நின்னு போச்சு ஓய்!' அப்பா கையில உள்ள கிரீஸைத் துடைச்சுக்கிட்டே ஓடுவாரு."

பெரியப்பா தன் வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். அதுவும் இரண்டு முறை. இடி விழவில்லை. ஏசி எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு," என்றார் பெரியப்பா. இந்த முறை அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

"இந்தத் தம்பிக்கும் அதே பேரை வச்சா, எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றான் செல்வசிங். "இவனும் மங்காஃப்தான். ஆனா அது நானாச்சே."

"'நாலாவது மாடி'ன்னு கூப்பிடலாம்," என்றான் தம்மாம் செல்வசிங்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு கெரிஸ் சித்தியைப் பார்த்தார்.

"நாங்க உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா. நீ ஏதாவது பேரு நெனச்சு வச்சிருக்கியா?"

"நை..." என்று ஆரம்பித்த சித்தி பாதியில் நிறுத்தினார். செல்வசிங்கைப் பார்த்தார். செல்வசிங் ஈச்சம்பழ டப்பாவின் மேல் எழுதியிருந்த அரபியை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அரபி அவ்வளவாக வராது.

"எம்ரிஸ்," என்றார் சித்தி. "என் அப்பா பேரு." பால், தபால், சவப்பெட்டி எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சித்தப்பா தமிழில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு சித்தியிடம், "எங்கிட்ட ஏன் முன்னமே சொல்லல?" என்றார்.

"நீதான் 'சரி அண்ணே' சொல்லியாச்சே," என்றார் சித்தி. அதைத் தமிழிலேயே சொன்னார்.

சித்தப்பாவும் ஈச்சம்பழ டப்பாவைப் படிக்க ஆரம்பித்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "உங்க அப்பா பேரை நாங்க 'லேய்' போட்டுக் கூப்பிடுவோம். சேட்டை பண்ணினா திட்டுவோம். பரவாயில்லையா?"

சித்தி யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதைச் சித்தப்பா மொழிபெயர்த்தார். "'பால்'னு கூப்பிடாம இருந்தாப் போதுமாம்."

பெரியப்பாவின் சிரிப்பில் குழந்தையே ஒரு நொடி கண் திறந்து பார்த்தது.

"எம்ரிஸ்," என்று சொல்லிப் பார்த்தார். "லேய் எம்ரிஸ்! நல்லா வருதே! எம்ரிஸ் செல்வசிங். முன்னால பால்காரரு, பின்னால மெக்கானிக். வண்டி ஓடிரும்!"

சித்தி உடனே வேல்ஸுக்குப் போன் செய்தார். திரையில் வெள்ளை மீசையோடு ஒரு தாத்தா தெரிந்தார். சித்தி குழந்தையின் பெயரைச் சொன்னார். தாத்தா, "என்ன பெயர்?" என்றார். சித்தி மறுபடி சொன்னார். "என்ன பெயர்?" என்று மறுபடியும் கேட்டார்.

"அவருக்குக் காது கேக்காதா சித்தி?" என்றான் செல்வசிங்.

"நன்றாகக் கேட்கும்," என்றார் சித்தி. இன்னொரு முறை சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பும் இருந்தது. அம்மா கரண்டியோடு வந்தபோது சித்தி தட்டை மெதுவாக நகர்த்தினார். "அக்கா, காரம் ரொம்ப. கொஞ்சம் போதும்."

"இதை முன்னாலேயே சொல்லப்படாதா பிள்ளே?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை ஞானஸ்நானம் முடிந்தது. கோவில் வளாகத்தில் போட்டோ எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மஸ்கட் செல்வசிங்கும் நின்றான், சித்தப்பாவின் கையில் இருந்த போனில். நம்முடைய செல்வசிங்கையும் தம்மாம் செல்வசிங்கையும் மட்டும் காணவில்லை. இருவரும் ஜூஸ் மேசைப் பக்கம் போயிருந்தார்கள்.

"லேய் மங்..." என்று ஆரம்பித்த பெரியப்பா நிறுத்தினார். அனுமதி கேட்பதுபோல ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, குளச்சல் அலையைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினார்.

"செல்வசிங்கே!"

ஜூஸ் மேசையிலிருந்து இரண்டு பேர் திரும்பினார்கள். "என்ன பெரியப்பா?" என்றது போன்.

"யாரைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தான் நம்முடைய செல்வசிங். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாரையும்தான்! வந்து நில்லுங்கலே!"

எம்ரிஸ் மட்டும் சித்தியின் தோளில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லையே.